சோம்பேறி என்று சொல்லாதீர்கள், நான் ரொம்ப பிஸி

கோப்பிஓ_கோசோங் · ஞாயிறு, மாலை 6.20

சோம்பேறியையும் வேலையைத் தள்ளிப்போடுகிறவனையும் ஒரே பாயில் உட்கார வைக்கிறார்கள். என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன். சோம்பேறிக்கு ஓய்வாவது கிடைக்கிறது. எங்களுக்கு அதுவும் கிடையாது.

இன்றைக்கு நான் செய்து முடித்ததைக் கேளுங்கள். வரவேற்பறைக் காற்றாடியைக் கழற்றி, இறக்கைகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து மாட்டினேன். குளிர்பதனப் பெட்டியில் அம்மா "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்த்து வைத்திருந்த சில்லி சாஸ் பொட்டலங்களைத் தேதி பார்த்துப் பிரித்தேன். சில பொட்டலங்கள் நான் தேசிய சேவைக்குப் போகும் முன்பே காலாவதியானவை. பாட்டியின் மாத்திரைப் பெட்டியைக் கிழமைவாரியாக அடுக்கினேன். அப்பாவின் கைப்பேசியில் குவிந்திருந்த காலை வணக்க ரோஜாக்களை அழித்து இடம் பண்ணிக் கொடுத்தேன். இதில் எது சோம்பல்?

நாளை இரவு 11.59க்குக் குழு அறிக்கை ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். நான்கு பேர். என் பங்கு 1,500 சொல். கோப்பைத் திறந்து, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ஓரத்து இடைவெளியை ஒழுங்கு செய்து, "இறுதி வடிவம்" என்று பெயரும் வைத்துவிட்டேன். உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை.

தலைப்பு என்ன தெரியுமா? சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதை. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டு கெடு வைக்கிறார், 1987இல் வேலை முடிகிறது. கெடுவுக்குள் வேலையை முடித்தவர்களைப் பற்றி என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அம்மா காலையிலிருந்தே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். காற்றாடியை இறக்கும்போதே கேட்டுவிட்டார், "உனக்கு ஏதோ கட்டுரை இருக்கு, இல்ல?" என்று. அவருக்குத் தெரியும். வருடப்பிறப்பு வருவதற்குள் சன்னல்களையும் முடித்துவிடுவாயா என்று அடுத்த கேள்வி. தீபாவளி நேரத்தில் இதே மாதிரி ஏதாவது பாடம் எடுத்துக்கொள்ளச் சொல்வார் போலிருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படி?

புங்கோல்_பாப்பா · மாலை 6.41

உங்களுக்காவது வீட்டுக்கு லாபம். நான் தள்ளிப்போடுவதற்காகச் சாங்கி விமான நிலையம் வரைக்கும் போகிறவள்.

வீட்டில் சத்தம், தம்பி தொல்லை, அதனால் விமான நிலையத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்று தோழிகள் எல்லோரும் கிளம்புவோம். போகிற வழியிலேயே படிக்கலாம் என்பது திட்டம். விரைவு ரயிலில் யாராவது படித்து நான் பார்த்ததில்லை, நானும் படித்ததில்லை. அங்கே போனதும் மின்சாரப் பொருத்தி பக்கத்தில் இருக்கிற இருக்கை வேண்டும், அதைத் தேட வேண்டும். பிறகு பசிக்கும். பிறகு குளிரும், கம்பளிச்சட்டை எடுத்து வராதவளுக்காக எல்லோரும் வருத்தப்பட வேண்டும். பிறகு ஊருக்குப் போகிற குடும்பம் ஒன்று பெட்டியைத் திறந்து எடையைச் சரிபண்ணிக்கொண்டிருக்கும். அதை எப்படிப் பார்க்காமல் இருப்பது? கடைசி ரயிலுக்கு ஓடுகிற நேரத்தில்தான் முதல் பக்கம் திறக்கும்.

ஆனால் புத்தகங்கள் இரண்டு முறை விமான நிலையம் போய் வந்தது உண்மை.

பழைய_ஏடு · மாலை 7.05

சிங்கப்பூர்க்காரர்கள் இதில் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. "கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை வீங்கும்" என்று ஒரு விதி உண்டே, பார்க்கின்சன் விதி? அதை எழுதிய சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் இங்கேதான் இருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில், புக்கிட் தீமா வளாகத்தில், வரலாற்றுப் பேராசிரியர். 1955இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழில் அந்தக் கட்டுரை வந்தபோதும் அவருக்குச் சிங்கப்பூர்தான் வேலை.

கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பாட்டி வருவார். வேறு வேலை ஏதும் இல்லாத அந்தம்மா ஒரு அஞ்சல் அட்டை எழுத ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வார். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட ஒரு மணி நேரம், முகவரி தேட அரை மணி, எழுத ஒன்றேகால் மணி. கடைசியில், அடுத்த தெருவில் இருக்கிற தபால் பெட்டி வரை போகக் குடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய இருபது நிமிடம்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு எழுதியவருக்குக் குடை பற்றி இருபது நிமிடம் யோசிக்கிற பாத்திரம் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம்மூரில் அது நியாயமான கேள்வி.

கோப்பிஓ_கோசோங் · மாலை 7.09

எழுத்துரு தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தப் பாட்டி அட்டையைத் தபாலில் சேர்த்திருப்பார்.

தேக்கா_மாமா · மாலை 7.30

தம்பி, சிரிக்கிறதெல்லாம் சரி. வள்ளுவர் உங்களைப் பற்றி அப்போதே எழுதிவிட்டார்.

நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்

காலம் கடத்துதல், மறதி, சோம்பல், தூக்கம். கெட்டுப்போகிறவர்கள் ஆசையாக ஏறிப்போகிற கப்பல் இந்த நான்கும். பட்டியலில் முதலில் நிற்பதே உங்கள் விவகாரம்தான். சோம்பல் வேறு, தள்ளிப்போடுவது வேறு என்று நீங்கள் சொன்னதை வள்ளுவரும் ஒப்புக்கொள்கிறார், தனித்தனியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஆனால் இரண்டையும் ஒரே கப்பலில்தான் ஏற்றியிருக்கிறார்.

எங்கள் காலத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் பரீட்சை எழுதினோம். இப்போது எல்லா வசதியும் இருக்கிறது, காற்றாடி துடைக்கிறீர்கள்.

கோப்பிஓ_கோசோங் · மாலை 7.44

மாமா, அதே வள்ளுவர் வினைசெயல்வகையில் இப்படியும் சொல்லியிருக்கிறார்:

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை

தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்தே செய்யுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். என் கட்டுரை அந்த வகையா இந்த வகையா என்பதை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆராய்ச்சி முடிய நாளை மாலை ஆகும்.

தேக்கா_மாமா · மாலை 7.46

குறளை அதிகாரத்தோடு தேடிப் பிடிக்கத் தெரிகிறது. கட்டுரை மட்டும் எழுதத் தெரியவில்லை.

இரண்டாம்_ஆண்டு_உளவியல் · இரவு 8.10

நான் படிப்பதே இதைத்தான், அதனால் என் சொந்தக் கட்டுரையை ஒத்திவைத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

1994இல் வந்த ஒரு கனடா ஆய்வு இது. இறுதி ஆண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் ஏறத்தாழ 34 நாள். சரி, எல்லாமே தலைகீழாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதாவது, நாம் கற்பனை செய்கிற மிக மோசமான நிலைமைகூட நடப்பதைவிட நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் "இந்தத் தடவை முதல் வாரத்திலிருந்தே" என்று நாம் நம்புவது இந்தக் கணக்கில்தான். பழைய அனுபவம் எதுவும் அதில் சேராது.

இன்னொன்று. தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இதை நெடுநாள் ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அந்த வேலையை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, அதிலிருந்து தப்பிக்க மனம் வேறு எதையாவது பிடிக்கிறது. காற்றாடி துடைத்தால் பத்து நிமிடத்தில் காற்றாடி பளபளக்கும், யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். 1,500 சொல்லுக்கு மதிப்பெண் உண்டு. அவர் நாள் முழுக்க ஓடி ஓடி உழைத்ததற்குக் காரணம் அதுதான். நேர அட்டவணை போட்டுக் கொடுத்தால் அதற்கும் வண்ணம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2010இல் வந்த இன்னொரு கனடா ஆய்வு எனக்குப் பிடித்தது. முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துவிட்ட மாணவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. தேக்கா மாமா கவனிக்கவும்.

புங்கோல்_பாப்பா · இரவு 8.14

நான் என்னை மன்னித்துவிட்டேன். இப்போது ஒரு பிராட்டா.

பழைய_ஏடு · இரவு 8.22

காற்றாடி துடைப்பதற்கு ஒரு தத்துவப் பேராசிரியரின் ஆதரவும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜான் பெர்ரி 1990களில் எழுதியது: பட்டியலில் முதலிடத்தில் மிக முக்கியமாகத் தெரிகிற ஒரு வேலையைப் போட்டுவிடுங்கள், அதைச் செய்யாமல் இருப்பதற்காகவே மற்ற எல்லா வேலைகளையும் செய்துவிடுவீர்கள். 2011இல் இதற்கு இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. முதலிடத்தில் போடுகிற வேலைக்கு 11.59 கெடு இருக்கக் கூடாது. பேராசிரியர்களின் பட்டியலில் அப்படிப்பட்ட வேலை நிறைய கிடைக்கும், மாணவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

2.4_கிலோமீட்டர் · இரவு 8.40

மாணவர்களை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இந்த நாட்டில் ஆண்பிள்ளைகளின் பிறந்தநாள் என்றால் என்ன? தேசிய சேவை முடித்தவர்களின் உடலுறுதிச் சோதனைக்கான ஒரு வருடக் கெடு தொடங்கும் நாள். அடுத்த பிறந்தநாளுக்கு முதல் நாள் வரை நேரம் இருக்கிறது. ஒரு முழு வருடம். நம் ஆட்கள் எப்போது ஓடத் தொடங்குவார்கள்? கேக் வெட்டுவதற்குச் சில வாரம் முன்னால், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு.

இணையத்தில் வருமான வரி தாக்கல் செய்ய ஏப்ரல் 18 வரை நேரம். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் முடித்துவிட்டீர்கள்? பயிற்சி வகுப்புகளுக்காக அரசாங்கம் 2020இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாகப் போட்ட 500 வெள்ளி 2025 கடைசி நாளோடு காலாவதியானது. ஐந்து வருடம் கையில் இருந்தது. என் அலுவலகத்தில் டிசம்பரில்தான் திடீரென்று எல்லோருக்கும் கேக் செய்வதிலும் புகைப்படம் எடுப்பதிலும் ஆர்வம் பிறந்தது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு தருகிற சிடிசி பற்றுச்சீட்டைப் பற்றி நான் பேசவில்லை. டிசம்பர் கடைசியில் உணவங்காடியில் வரிசையில் நின்ற பெரியவர்களை எனக்குத் தெரியும்.

தேக்கா_மாமா · இரவு 8.52

பற்றுச்சீட்டு வேறு விஷயம். அது சேமிப்பு.

புங்கோல்_பாப்பா · இரவு 8.53

மாமா மாட்டினார்.

எட்டாம்_மாடி · இரவு 9.15

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இது சிரிப்பாக இல்லாத ஒரு பருவம் இருந்தது. மின்னஞ்சலைத் திறக்கவே பயம். திறக்காததால் இன்னும் பயம். குழுவில் இருந்தவர்கள் கேட்டால் "முடியப் போகுது" என்பேன். முடிகிற நிலையில் எதுவும் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது, கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேனே. கடைசியில் ஒரு பருவத்துக்கு விடுப்பு எடுத்தேன். வளாகத்தில் இருக்கும் ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். போவதற்கு முன்னால் பெரிய விஷயமாகத் தெரிந்தது, போன பிறகு ஒரு அறை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். இப்போது நன்றாக இருக்கிறேன், கட்டுரைகளும் போகின்றன, தாமதமாகத்தான்.

தொடங்கியவர் காற்றாடி துடைக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. துடைப்பதும் நின்று, சும்மா சுவரைப் பார்க்கத் தொடங்கினால் யாரிடமாவது பேசுங்கள்.

கோப்பிஓ_கோசோங் · இரவு 9.21

சொன்னதற்கு நன்றி அண்ணா, அல்லது அக்கா. நான் அந்த நிலையில் இல்லை, இருந்தால் சொல்வேன்.

தேக்கா_மாமா · இரவு 9.40

எட்டாம் மாடி எழுதியதைப் படித்தேன். நான் முன்னால் காலம் காலம் என்று எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். எங்கள் காலத்திலும் பையன்கள் படிப்பை விட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, தம்பிக்கு ஒரு உதவி. நீங்கள் எழுத வேண்டிய ஆற்றை நான் மோந்தே பார்த்தவன். என் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். சனிக்கிழமை சாப்பாடு கொண்டு போவேன். அங்கிருந்து ஆறு கிட்டத்தில். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் போனால் கறுப்புச் சேறு தெரியும், மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. ஆனால் வெறும் நாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். தோணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், அரிசி மூட்டை, ரப்பர், பலகை மேல் ஏறி இறங்குகிற ஆட்கள், கரையிலேயே சாப்பாட்டுக் கடை. அந்த வேலையில்தான் எத்தனையோ குடும்பங்கள் சாப்பிட்டன. சுத்தம் செய்தது நல்லதுதான். தோணிக்காரர்கள் போனதும் அந்த இடம் எனக்குப் புரியாத இடமாகிவிட்டது.

கோப்பிஓ_கோசோங் · இரவு 10.02

மாமா, இதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. படித்ததில் எல்லாம் சுத்தம் செய்த வேகம்தான் இருக்கிறது. 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் லீ குவான் இயூ பேசுகிறார்: பத்தாண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க வேண்டும். ஆனால் அழுக்கு ஆற்றில் பிறக்கவில்லை. மேலே பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாக்கடை வசதி இல்லாத வீடுகள், தெருவில் சமைத்துக் கழிவைக் கால்வாயில் ஊற்றிய கடைகள், பட்டறைகள். அதனால் ஆற்றைச் சுத்தம் செய்வது என்றால் ஆற்றில் இறங்குவது கடைசி வேலை. முதலில் மனிதர்களை இடம் மாற்ற வேண்டும். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள். கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குப் போனார்கள், தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு. அதற்குப் பிறகுதான் சேறு அள்ளியதும் கரை கட்டியதும். பத்தாண்டில் முடிந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். இடம் மாறியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கெடு எப்படி இருந்திருக்கும் என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நான் முதல் வரியே எழுதவில்லை. முதலில் வைத்தால் சாதனையைக் குறைத்த மாதிரி, கடைசியில் வைத்தால் சும்மா ஒட்டுப்போட்ட மாதிரி.

ஸ்லைடு_ராணி · இரவு 10.09

ஒரு நிமிஷம்.

சிங்கப்பூர் ஆறு. நான்கு பேர் குழு. நாளை 11.59. மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கழற்றிய காற்றாடியின் படத்தைப் போட்டு "வீட்டில் அவசர வேலை, ஆனால் என் பகுதி முடியப் போகுது" என்று எழுதியிருந்தான்.

டேய்.

கோப்பிஓ_கோசோங் · இரவு 10.11

இந்த நாட்டில் பலரிடம் காற்றாடி இருக்கிறது.

ஸ்லைடு_ராணி · இரவு 10.12

நீல வாளி. மேலே உங்கள் பாட்டியின் துண்டு.

2.4_கிலோமீட்டர் · இரவு 10.13

பெரிய நாடாக இருந்தால் தப்பித்திருப்பான்.

கோப்பிஓ_கோசோங் · இரவு 10.17

சரி, நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு நீ இங்கே என்ன செய்கிறாய்? உன் பகுதி வெள்ளிக்கிழமையே முடிந்தது என்றாயே?

ஸ்லைடு_ராணி · இரவு 10.24

முடிவுரை எழுத உன் பகுதி வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். இன்னும் தொடங்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அதை விடு. மேலே மாமாவுக்குப் பதிலாக நீ எழுதினாயே, அதை எடுத்துக் கோப்பில் ஒட்டு. எங்கே வைப்பது என்று நீ கேட்டதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது: இடம் மாற்றியதுதான் வேலையின் பெரும்பகுதி என்று நீயே சொல்லிவிட்டாய். அப்படியென்றால் அது முதலிலும் வராது கடைசியிலும் வராது, நடுவில் முழுக்க அதுதான். ஆதாரம் எல்லாம் உன்னிடம் இருக்கிறது. மாமாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அவர் சொன்னதையும் சேர்.

தேக்கா_மாமா · இரவு 10.30

அனுமதி உண்டு. பெயர் வேண்டாம். மூட்டை எண்ணிக்கை, வருடம் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், ஞாபகத்தில் இருப்பது வாசனைதான்.

இரண்டாம்_ஆண்டு_உளவியல் · இரவு 10.33

ஒரு சின்னக் குறிப்பு. இங்கே மதிப்பெண் கிடையாது என்பதால் அவர் மூச்சு விடாமல் எழுதிவிட்டார். கோப்பைத் திறந்தால் மறுபடி வயிற்றைப் பிசையும். அதனால் மாமாவுக்குப் பதில் எழுதுவதாக நினைத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள், "மாமா" என்ற சொல்லைக் கடைசியில் நீக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடு_ராணி · இரவு 10.35

நீக்க மறந்தால் பேராசிரியருக்கு உறவுமுறை கூடிவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன். நாளை காலை பத்து மணி, கிளமெண்டி நூலகம். மடிக்கணினி மட்டும் எடுத்து வா, வாளி வேண்டாம்.

கோப்பிஓ_கோசோங் · இரவு 10.36

பத்தரை?

ஸ்லைடு_ராணி · இரவு 10.36

பத்து.

புங்கோல்_பாப்பா · இரவு 11.20

பிராட்டா சாப்பிட்டு வந்து படித்தேன், நல்ல கட்டத்தைத் தவறவிட்டேன். ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம்: காற்றாடியின் எண்ணெய்ப் பிசுக்குக்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதுமா? எனக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை.

எட்டாம்_மாடி · இரவு 11.24

அதில் கொஞ்சம் சமையல் சோடா போடுங்கள். போட்டுவிட்டுப் படிக்கப் போங்கள், ஊறட்டும்.

2.4_கிலோமீட்டர் · இரவு 11.41

நேரம் கிடைத்த இடத்தில் கேட்டுவிடுகிறேன். என் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது. நாளை மாலை பிடோக் நீர்த்தேக்கத்தில் ஓடத் துணைக்கு யாராவது வருகிறீர்களா?

பழைய_ஏடு · இரவு 11.48

எனக்கும் அடுத்த மாதம்தான். நாளை வேண்டாம், மழை வரும் போலிருக்கிறது. வியாழன்?

2.4_கிலோமீட்டர் · இரவு 11.49

வியாழன் எனக்கும் வசதி. வெள்ளி என்றால் இன்னும் வசதி.